கண்ணாடி மேல் கிடந்த பேனா

அந்த அம்மாவிடம் ‘ஏன்’ என்று கேட்டுப் பதில் வாங்கியவர் யாராவது இருந்தால் கூனிமேட்டில் என் கடைக்கு வரட்டும். உட்கார வைத்து டீ வாங்கித் தருகிறேன். ஏழு வருடப் பழக்கத்தில் நான் வாங்கியது ஒரே ஒரு பதில். அதையும் வாங்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் எனக்கு அலுமினியம், கண்ணாடிக் கடை. ஜன்னல், பாத்ரூம் கதவு, ஷோகேஸ், முகம் பார்க்கிற கண்ணாடி, எல்லாம் உண்டு. அதற்கு முன்னால் பதினான்கு வருடம் ஷார்ஜாவில் உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்தினேன். இன்றைக்கு இருபது கண்ணாடி என்று சூப்பர்வைசர் சொன்னால் இன்றைக்கு இருபதும் ஏறியாக வேண்டும். வெயிலோ காற்றோ, காரணம் சொல்ல முடியாது. அப்படிப் பழகியவன் கையில் இந்தத் தம்பதியைக் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நான் பல தடவை மேலே பார்த்துக் கேட்டிருக்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருந்த ஒரு பழைய உப்புக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து வந்தார்கள். சென்னையில் ஓவியம் படித்தவர்கள், இருவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. நிறக் கண்ணாடிகளை வெட்டி, துண்டுகளை அடுக்கி, மின்சாரச் சூளையில் வைத்து உருக்கி ஒரே பலகையாகச் சேர்ப்பது அவர்கள் வேலை. வெட்டி அடுக்குவது அந்த அம்மா. சூளை அவர் கணவருடையது, அவரை நான் சார் என்று கூப்பிடுவேன். சார் கட்டரைத் தொட மாட்டார், அந்த அம்மா சூளையின் சுவிட்சைத் தொட மாட்டார். நான் கண்ணாடி சப்ளை செய்வேன், முடிந்த பலகைக்கு ஃப்ரேம் அடித்துக் கொடுப்பேன்.

சார் பேசுவார். கடைக்குள் கால் வைக்கும்போதே தொடங்கிவிடுவார். மணல் எத்தனை டிகிரியில் உருகும், கரண்ட் ஏன் மத்தியானம் மட்டும் போகிறது, உப்புக் காற்று சூளைக் கம்பியை எப்படித் தின்கிறது, எல்லாம் வரும். அந்த அம்மா அவருக்குப் பின்னால் நின்று என் அடுக்கிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாக உருவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் இருந்தது மொத்தமே மூன்று வார்த்தை. ஆச்சு, ஆகல, வேணாம்.

ஒருமுறை அவர்களுக்காகவே ஒரு பெட்டி நீலக் கண்ணாடி வரவழைத்தேன். கிடங்கில் இறக்கி வைக்கோலை விலக்கிக் காட்டினேன். முதல் கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“வேணாம்.”

“ஏன்க்கா? கீறல் இருக்குதா?”

“இல்ல.”

“கலர் சரியில்லியா?”

“கலர் நல்லாத்தான் இருக்குது.”

“அப்புறம் என்னதான்க்கா பிரச்சினை?”

“வேணாம் பாய்.”

சார் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இருபது வருஷமா நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன் பாய். உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.”

அந்தப் பெட்டியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்து அனுமந்தையில் ஒரு மீன்பிடி போட்டுக்காரர் வீட்டு மாடி ஜன்னலுக்குப் போட்டேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பார்ப்பேன். ஒரு குறையும் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரிக்கு மட்டும் அந்த அம்மாவைப் பிடிக்கும். ரமலானில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். தூக்கைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மா ஒரே வார்த்தை சொன்னார். வீட்டுக்கு வந்ததும், “என்ன சொன்னாங்க?” என்றாள் இவள்.

“ஆச்சுன்னாங்க.”

“அது போதும். அந்தம்மா வாயிலேர்ந்து அது வர்றது லேசா?” அன்றைக்கு முழுக்க அவள் முகத்தில் ஒரு பெருமை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு தூக்குக் கஞ்சிக்குக் கிடைத்த சொல், நான் மூன்று நாள் உட்கார்ந்து இழைத்த ஃப்ரேமுக்குக் கிடைக்கவில்லை.

அவர் நிறம் பார்க்கிற விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதெல்லாம் கிடையாது. உப்பளத்தில் வாரி வரப்பில் குவித்திருக்கும் உப்புக்கு முன்னால் கண்ணாடியைக் கொண்டுபோக வேண்டும். குவியல் ஆள் உயரம் இருக்க வேண்டும், மேலே ஓலை மூடியிருக்கக் கூடாது. சார் ஓரத்தில் குனிந்து பலகையைப் பிடித்துக்கொள்வார். அந்த அம்மா பத்தடி தள்ளி நின்று பார்ப்பார். உப்பு வாருகிற பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கால் மணி நேரம், அரை மணி நேரம் ஆகும். சார் கை கடுக்கப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா, ஏதாச்சும் சொல்லேன்” என்பார். அந்த அம்மா சொல்லும்போதுதான் சொல்வார்.

ஐப்பசியில் மழை பிடித்தால் உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர். மாசி வரைக்கும் உப்பு கிடையாது. உப்பு கிடையாது என்றால் அந்த அம்மாவிடம் ‘ஆச்சு’ கிடையாது. நாலு மாதம் எந்தப் பலகையும் கிடங்கை விட்டு வெளியே வராது. வெள்ளைத் துணி கட்டிப் பார்க்கலாம் என்றேன். வேணாம் என்றார். சுண்ணாம்பு அடித்த சுவர் இருக்கிறதே என்றேன். வேணாம். டியூப்லைட் பெட்டி ஒன்று நானே செய்து கொண்டுபோனேன். அதில் அவர்கள் வீட்டுப் பூனை படுத்துக்கொண்டது.

இதற்கெல்லாம் மேலே அந்தப் பேனா. கண்ணாடியில் எழுதுகிற வைரமுனைப் பேனா, விரல் நீளம்தான் இருக்கும். ஒரு பலகை முடிந்துவிட்டது என்று சாருக்குத் தோன்றினால் மூலையில் சின்னதாக ஒரு வட்டம் கீறி, பேனாவை அந்தக் கண்ணாடி மேலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவ்வளவு பேசுகிற மனிதர் அதில் மட்டும் வாய் திறக்க மாட்டார். அந்த அம்மாவுக்கு எப்போது மனசு ஒப்புகிறதோ அப்போது, யாரும் இல்லாத நேரத்தில், வட்டத்துக்குக் கீழே ஒரு சின்னக் கோடு கீறுவார். கீறிவிட்டுப் பேனாவை டப்பாவில் போட்டுவிடுவார். ஒருவர் போடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது. பேனா டப்பாவில் இருந்தால் வேலை முடிந்தது. கண்ணாடி மேல் கிடந்தால் முடியவில்லை. இருவரும் சேர்ந்த இடத்தில்தான் பலகை வெளியே போகும்.

ஒரு மூன்றடிப் பலகை மேல் அந்தப் பேனா பதினொரு மாதம் கிடந்தது. நான் அதற்கு ஃப்ரேம் அடித்துத் தயாராக வைத்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் சாரே சுத்தியலை எடுத்து அதை உடைத்தார். அந்த அம்மா துடைப்பம் கொண்டுவந்து கூட்டினார். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. என் ஃப்ரேம் இன்னும் கடைப் பரணில் கிடக்கிறது.

இப்படிப்பட்டவர்களிடம் என் வீட்டு வாசலுக்கு வேலை கொடுத்தேனே, அது என் புத்தி. புது வீடு கட்டும்போது தலைவாசலுக்கு மேலே அரைவட்டமாக ஒரு திறப்பு விட்டிருந்தோம். மகளுக்கு ஜனவரிக் கடைசியில் நிக்காஹ் முடிவாகியிருந்தது. அதற்குள் அந்த இடத்தில் ஒரு கண்ணாடி வேண்டும் என்றேன். சார் உடனே சரி என்றார். உப்பளப் பாத்திகளையே செய்தார்கள். வெள்ளை, வெளிர்பச்சை, உப்பு முற்றும்போது தண்ணீரில் தெரியும் இளஞ்சிவப்பு, நடுவில் வரப்புகள். ஐப்பசி மழையின்போது சூளையிலிருந்து வெளியே வந்தது. நானே அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தேன். சார் வட்டம் கீறிப் பேனாவை மேலே வைத்தார்.

அந்த வாரம்தான் சண்டை. பாண்டிச்சேரியில் ஒரு ஹோட்டல்காரர் ஒரே மாதிரி நாற்பது பலகை கேட்டிருந்தார். சார் அந்த அம்மாவைக் கேட்காமல் ஒத்துக்கொண்டுவிட்டார். நான் ஸ்க்ரூ கொடுக்கப் போயிருந்தேன்.

“வேணாம்” என்றார் அந்த அம்மா.

“ஏன்?”

அந்த அம்மா கையிலிருந்த கட்டரைப் பார்த்தார்.

“ஒரு காரணம் சொல்லேன். ஒண்ணே ஒண்ணு. பொய்யாவாச்சும் சொல்லேன். இருபது வருஷமா உன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே நான் எல்லாத்தையும் புரிஞ்சுக்கணுமா?”

சார் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்த அம்மா கட்டரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். உள்ளே போய் ஒரு பையோடு வந்தார். மழைத் தண்ணீர் நின்ற வரப்பு வழியாக ரோட்டுக்கு நடந்து போய் திண்டிவனம் பஸ் ஏறிவிட்டார். அங்கே அவருடைய தங்கை வீடு. சார் ஹோட்டல் வேலையை மறுநாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அதைச் சொல்வதற்குக்கூட அந்த அம்மாவுக்கு அவர் போன் செய்யவில்லை. அந்த அம்மாவும் செய்யவில்லை.

நடுவில் என் கண்ணாடி. மேலே பேனா.

டிசம்பரில் நானே அந்த அம்மாவுக்கு போன் செய்தேன்.

“அக்கா, ஜனவரி கடைசில நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க.”

“உப்பு வரட்டும் பாய்.”

“உப்பு மாசிலதான்க்கா வரும்.”

“வரட்டும்” என்று வைத்துவிட்டார்.

சாரிடம் போனேன். அவர் வேலை எதுவும் செய்யவில்லை. ஈரம் பிடிக்கக் கூடாது என்று வெறும் சூளையை வாரம் ஒருமுறை சூடேற்றிக்கொண்டிருந்தார். என் பலகையைத் தினமும் துடைப்பாராம். நான் நிற்கும்போதும் துடைத்தார். பேனாவை எடுக்கவில்லை. அதைச் சுற்றித் துடைத்தார்.

“சார், நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க. நான் எடுத்துட்டுப் போய் மாட்டிடுறேன். அக்கா அப்புறமா வந்து கோடு போட்டுக்கட்டும்.”

“அப்படி இல்ல பாய். பேனா கெடக்கட்டும். உப்பு வந்தா அவ வருவா.”

இதைக் கேட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என் தலைக்குள் பந்தல்காரனும் பிரியாணி மாஸ்டரும்தான் இருந்தார்கள். வீட்டுக்காரி தினமும் வாசலைக் காட்டினாள். “ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, நம்ம வாசல்ல அட்டை அடிச்சு வச்சிருக்கீங்க. சம்பந்தி வீட்ல என்ன நெனப்பாங்க?” மழையில் நனைந்து அந்த அட்டையும் உப்பிப்போயிருந்தது.

நிக்காஹுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று கிடங்குக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. சார் சாப்பிட மரக்காணம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பலகை மேசை மேல் இருந்தது. ஒரு கோடு. ஒரு விரற்கடை நீளத்தில் ஒரே ஒரு கோடுதான் பாக்கி. இருபத்தைந்து வருடமாகக் கண்ணாடியில் கோடு போட்டுப் பிழைக்கிறவன் நான். அந்த அம்மாவின் கோடு எனக்கு நன்றாகத் தெரியும். இடமிருந்து வலமாக வந்து முடிவில் கொஞ்சம் மேலே தூக்கும். பேனாவை எடுத்தேன், கோட்டைப் போட்டேன், பேனாவை டப்பாவில் வைத்தேன்.

சார் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போனவர் மேசை அருகில் அப்படியே நின்றார். டப்பாவைப் பார்த்தார். பிறகு மூலையைக் குனிந்து பார்த்தார்.

“எப்போ வந்தா?”

“நான் வர்றப்போ யாரும் இல்ல சார்.”

அது பொய் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் ஜன்னல் வழியாக வரப்பைப் பார்த்தார். பாத்திகளில் தண்ணீர்தான் கிடந்தது. அவர் ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தேன். மணலைப் பற்றியாவது, கரண்டைப் பற்றியாவது.

“எடுத்துட்டுப் போங்க பாய்” என்றார். அவ்வளவுதான்.

நிக்காஹ் நன்றாக நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் வாசலில் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். சம்பந்தி போட்டோ எடுத்துக்கொண்டார். சாரும் வந்திருந்தார். ஓரமாக உட்கார்ந்து கொஞ்சம் சாப்பிட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “உப்புகூட பாக்காம முடிச்சுட்டா பாய். என்னைப் பாத்துடக் கூடாதுன்னு அவ்ளோ அவசரம். இனிமே நான் எதுக்கு அங்க உக்காந்திருக்கணும்?” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பின்னால் யாரோ தோளைத் தட்டி முபாரக் சொன்னார்கள், திரும்பினேன். திரும்பிப் பார்க்கும்போது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டியிருந்தார். கூட்டத்தின் மேல் பழியைப் போட நான் விரும்பவில்லை. ஓடிப்போய் நிறுத்த எனக்குக் கால் இருந்தது. கண்ணாடியை அவர் திரும்பக் கழற்றச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன், அதுதான் உண்மை. பத்து நாளில் கிடங்கு காலியாகிவிட்டது. சூளையை ஒரு லாரி ஏற்றிக்கொண்டு போனது என்று உப்பளத்து ஆட்கள் சொன்னார்கள். சார் எங்கே போனார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு காலை, கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்து நின்றார். கையில் அதே பை. புடவை ஓரத்தில் வரப்புச் சேறு காய்ந்திருந்தது.

“உப்பு வந்துடுச்சு பாய்” என்றார். “கெடங்கு பூட்டியிருக்குது.”

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலில் நின்று மேலே பார்த்தார். மூலையில் இருந்த கோடு கீழேயிருந்து பார்த்தாலும் தெரியும்.

“நான்தான்க்கா போட்டேன்” என்றேன்.

“தெரியுது.” மேலே பார்த்தபடியே, “அவரு பாத்தாரா?”

“பாத்தாரு.”

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல.”

அவர் முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். சார் ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப் என்று எனக்கே கேட்டது. நான் என் போனில் முயன்றேன், அதே குரல்தான்.

“கழட்டிக் குடுங்க” என்றார். “பாக்கணும்.”

ஏணி போட்டுக் கழற்றி, குட்டியானை வண்டியில் போர்வை விரித்து ஏற்றி, உப்பளத்துக்குக் கொண்டுபோனேன். ரோட்டோரப் பாத்தியில் அந்த வருடத்து முதல் குவியல் நின்றது. சார் குனிந்து பிடிக்கிற மாதிரி ஓரத்தில் குனிந்து பிடித்தேன். அந்த அம்மா பத்தடி தள்ளி நின்றார். கை கடுத்தது. குனிந்திருந்த எனக்குக் கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது, பச்சையிலும் சிவப்பிலும் மாறி மாறி. இருபது வருடம் சார் இந்த இடத்திலிருந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்காகத்தான் கை கடுக்கப் பிடித்திருப்பார் போலிருக்கிறது.

“ஆச்சு” என்றார்.

சட்டைப் பையில் எடுத்து வந்திருந்த என் வைரமுனைப் பேனாவை நீட்டினேன். அவர் மூலையில் விரலை வைத்து, என் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

“எங்க போடுறது? அதான் இருக்குதே.”

எனக்குப் பொறுக்கவில்லை. என் மேல் வரவேண்டிய கோபமெல்லாம் அவர் மேல் வந்தது. “ஏன்க்கா, அவருகிட்ட போன்ல ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வர்றேன், இரு, அப்படின்னு ஒரு வார்த்தை. நாலு மாசமா ஏன்க்கா சொல்லல?”

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“பேனா அங்கதானே பாய் கெடந்துச்சு.”

ஏழு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே காரணம் இதுதான். பிறகு திண்டிவனம் பஸ் ஏறிப் போய்விட்டார். எப்போதாவது நான் போன் செய்தால் எடுக்கிறார். சார் கிடைத்தாரா என்று கேட்பேன். இல்ல என்பார்.

அந்தக் கண்ணாடியை நான் திரும்ப வாசலில் ஏற்றவில்லை. அங்கே சாதாரணப் பூக்கண்ணாடி போட்டிருக்கிறேன், வீட்டில் அதற்கு இன்னும் பேச்சு வாங்குகிறேன். பாலிஷ் பவுடர் போட்டு இரண்டு நாள் தேய்த்து என் கோட்டை எடுத்துவிட்டேன். அந்த இடம் கொஞ்சம் மங்கலாகிவிட்டது, பரவாயில்லை. சாரின் வட்டம் அப்படியே இருக்கிறது. பலகையைக் கடையின் உள் மேசையில் வைத்து, என் பேனாவை அதன் மேல் போட்டிருக்கிறேன். தூசி துடைக்கும்போது சுற்றித் துடைக்கிறேன். கடைப்பையன்கள் யாரும் அதைத் தொடுவதில்லை.

போன வாரம் பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் கதவுக் கண்ணாடி எடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டார். குனிந்து குனிந்து பார்த்தார்.

“பாய், இது என்ன விலை?”

“இன்னும் ஆகல” என்றேன்.

“முடிஞ்ச மாதிரிதானே இருக்குது? ஏன் ஆகல?”

நான் டேப்பை எடுத்து அவருடைய கண்ணாடியை அளக்கத் தொடங்கினேன்.